போக்ஸ் வீலா, அலாய் வீலா?

க்ரூஸர் பைக் வாங்கியவர்கள் முதலில் கைவைப்பது சைலன்சரில், அடுத்து சக்கரத்தில். குரோம் பளபளக்கும் போக்ஸ் வீலுக்குத்தான் கம்பீரம் என்று ஒரு கட்சி. பஞ்சரானால் நடுவழியில் நிறுத்திவைக்காத அலாய் வீல்தான் வசதி என்று இன்னொரு கட்சி. ஞாயிறு காலையில் சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு வந்து சேரும் பைக்குகளில் இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. பேச்சு பெரும்பாலும் தோற்றத்தைச் சுற்றியே நடக்கிறது. ஆனால், இரண்டு சக்கரங்களும் எடையைத் தாங்கும் விதம் வேறு. அதனால் பழுதாகும் விதமும் வேறு. எதைப் பூட்டுவது என்பதை அந்தப் பழுதை வைத்து முடிவுசெய்வதே புத்திசாலித்தனம்.

சக்கரம் எப்படியெல்லாம் எடையைத் தாங்கும் என்பதைத் திருவண்ணாமலை வீதிகளிலேயே பார்க்கலாம். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் ஐந்து தேர்கள் வலம் வரும். தமிழகக் கோயில் தேர்களுக்குப் பெரும்பாலும் ஆரக்கால் இல்லாத திண்சக்கரங்கள்தாம். பாரமோ பெரிது, வேகமோ நடை வேகம். சக்கரம் கனமாக இருந்தால் குற்றமில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தில் கனத்தைக் குறைத்தாக வேண்டும். அதனால் குடம், ஆரக்கால், வட்டை என்று பிரித்துச் செய்து, காய்ச்சிய இரும்புப் பட்டாவை மேலே மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்து சுருங்கும் பட்டா எல்லா மூட்டுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சக்கரத்தில் எந்த ஆரக்கால் தரைப் பக்கம் இருக்கிறதோ, அதுதான் அமுக்கத்தைத் தாங்கி நிற்கும்.

தளர்ந்து தாங்கும் கம்பி

பைக்கின் போக்ஸ் கம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை நிறுத்திவைத்து மேலிருந்து அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால், அதே கம்பியை இழுத்தால் பெரும் விசையைத் தாங்கும். ஆங்கிலேயப் பொறியாளர் ஜார்ஜ் கேலி, தன் பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் தேடியபோது, 1808இல் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: ஆரத்தை அமுக்காதே, இழு!

போக்ஸ் வீலில் எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே முறுக்கி இழுக்கப்பட்டிருக்கும். வண்டியின் எடை இறங்கும்போது, தரையை ஒட்டிய சில கம்பிகளின் இழுவிசை மட்டும் கொஞ்சம் குறையும். மற்றவற்றில் பெரிய மாற்றம் இருக்காது. அடிக்கம்பிகள் இப்படித் தளர்ந்துகொடுப்பதுதான் சக்கரம் எடையைத் தாங்கும் வழி. முற்றிலும் தளராத வரை சக்கரத்துக்கு ஆபத்தில்லை.

கம்பிகள் குடத்திலிருந்து நேராக வெளியே போகாமல் சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்வதற்கும் காரணம் உண்டு. எஞ்சின் முறுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் குடம் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். சாய்ந்த கம்பி அந்தத் திருகலை இழுவிசையாக மாற்றி ரிம்முக்குக் கொண்டுபோகும். 1874இல் கவென்ட்ரியின் ஜேம்ஸ் ஸ்டார்லி மிதிவண்டிக்காகக் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றைய புல்லட்டிலும் அதேதான்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகும். க்ரூஸரின் பின்சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒருமுறை சுற்றி வந்தால், ஒரு கம்பி சுமார் 7,000 முறை தளர்ந்து இறுகியிருக்கும். சென்னையிலிருந்து வந்திருந்தால் அது லட்சத்தை நெருங்கும். கம்பி சரியான முறுக்கில் இருந்தால் இந்த ஏற்றஇறக்கம் சிறியது. பல ஆண்டுகள் ஓடும். லூசாக இருந்தால் ஏற்றஇறக்கம் பெரிதாகி, உலோகம் களைத்து, குடத்தருகே வளைந்திருக்கும் கழுத்தில் கம்பி முறியும். லூசான கம்பிதான் முதலில் முறிகிறது என்பது பலரும் நினைப்பதற்கு நேர்மாறு.

கோட்டம் எடுக்கத் தெரிந்த மெக்கானிக் இதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே போவார். முறுக்கான கம்பி ‘டிங்’ என்று ஒலிக்கும்; லூசானது ‘டொக்’ என்று அடங்கிவிடும். பிறகு ரிம்மின் ஓரத்தில் ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றுவார். கோடு விழுந்த இடத்தில் ரிம் அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கத்துக் கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தி, எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்று இறுக்குவார். கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு மறையும். 36 கம்பியில் ஒன்று முறிந்தாலும் மெதுவாக வீடு வந்து சேரலாம் என்பதுதான் போக்ஸ் வீலின் பெரிய பலம்.

வார்த்தெடுத்த சக்கரம்

அலாய் வீல் மறுபடியும் மாட்டுவண்டிச் சக்கரத்தின் வழிக்கே திரும்புகிறது. குடம், ஆரம், ரிம் மூன்றும் ஒரே வார்ப்பு. ஆரங்கள் தடிமனாக இருப்பதால் அமுக்கத்தையும் இழுவையையும் வளைவையும் சேர்த்தே தாங்கும். முறுக்கு வைக்கவும் வேண்டாம், கோட்டம் எடுக்கவும் வேண்டாம். 1970களில் இந்தச் சக்கரம் பரவலானது. 1977இல் ஹார்லி டேவிட்சனின் லோ ரைடர் தொழிற்சாலையிலிருந்தே வார்ப்புச் சக்கரத்தோடு வந்தது. 1955இலிருந்து சென்னையோடு தொடர்புள்ள ராயல் என்ஃபீல்டு நெடுங்காலம் கம்பியிலேயே நின்றது. 2018இல் தண்டர்பேர்டு எக்ஸுக்குத்தான் அலாய் வீலும் ட்யூப்லெஸ் டயரும் கொடுத்தது. 2020இல் வந்த மீட்டியார் 350 இரண்டையும் தொடக்கத்திலிருந்தே கொண்டிருந்தது.

இத்தகைய வார்ப்புக்குப் பரவலாகப் பயன்படுவது, சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் துளி மக்னீசியமும் சேர்ந்த அலுமினியம். சிலிக்கான், உருகிய உலோகத்தை அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடவைக்கும். வலிமை வருவது அதற்கடுத்த பக்குவத்தில்: ஏறக்குறைய 540 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மீண்டும் 150 டிகிரிக்கு மேல் இளஞ்சூட்டில் வைப்பார்கள். அப்போது மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்துகள்கள் உள்ளே உருவாகி உலோகத்தை உறுதியாக்கும்.

பள்ளத்தில் விழுந்து நெளிந்த அலாய் வீலைப் பர்னர் வைத்துக் காய்ச்சி நிமிர்த்துவது ஏன் ஆபத்து என்பது இங்கே புரியும். அந்தச் சூடு பக்குவத்தைக் கலைத்துவிடும். சக்கரம் வட்டமாகத் தெரியும்; பழைய வலிமை இருக்காது. உலோகக் களைப்பு இன்னொரு பிரச்சினை. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை கோடி முறை அழுத்தினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு இல்லை. நுண்ணிய விரிசல் ஒன்று உள்ளே வளர்ந்துகொண்டிருந்தால், அதைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் சுலபமில்லை.

அலாய் வீல் என்றாலே எடை குறைவு என்பது பாதி உண்மை. எஃகு ரிம்மும் ட்யூப்பும் உள்ள போக்ஸ் வீலைவிட இலேசாக இருக்கலாம். அலுமினிய ரிம் கொண்ட போக்ஸ் வீலோடு ஒப்பிட்டால் கனமாகவும் இருக்கலாம். ரிம்மில் கூடும் ஒவ்வொரு கிலோவும் வண்டி வேகமெடுக்கும்போது இரண்டு கிலோவுக்குச் சமம். அது முன்னேறவும் வேண்டும், சுழலவும் வேண்டும். நிதானமாகப் போகும் க்ரூஸரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

பஞ்சரான பிறகு

சாலையில் உடனே தெரியும் வேறுபாடு காற்றுதான். போக்ஸ் வீலில் ஒவ்வொரு நிப்பிளுக்கும் ரிம்மில் ஓர் ஓட்டை இருப்பதால் காற்றைப் பிடிக்க ட்யூப் வேண்டும். ஆணி ஏறினால் ட்யூப்பின் காற்று அந்த ஓட்டைகள் வழியே விரைவாக இறங்கிவிடும். டயரைப் பிரிக்காமல் பஞ்சர் ஒட்ட முடியாது. ட்யூப்லெஸ் டயரிலோ ஏறிய ஆணியே அடைப்பானாகவும் இருக்கும். காற்று மெல்லத்தான் போகும். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் இருட்டிய பிறகு மாட்டிக்கொண்டவருக்கு, வெளியிலிருந்தே திரி செருகி ஒட்டும் வசதியின் அருமை தெரியும்.

இரண்டின் நன்மையையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. 1987இல் பி.எம்.டபிள்யூ தன் ஜி.எஸ். பைக்குகளில், கம்பிகளை டயர் உட்காரும் பகுதிக்கு வெளியே, ரிம்மின் விளிம்பில் கோத்தது. ரிம்மில் ஓட்டை இல்லை; ட்யூப்பும் தேவையில்லை. 2024இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450க்கும் இந்தியாவில் ட்யூப்லெஸ் போக்ஸ் வீல் கிடைக்கத் தொடங்கியது. விலைதான் கொஞ்சம் கூடுதல்.

மாற்றும் முன்

ஒரு வகையைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுகிறவர்கள் அளவை விட்டுவிடக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தைப் படித்துத்தான் அது பிரேக்கைக் கட்டுப்படுத்துகிறது. வளையம் சற்று விலகினாலோ, டயரின் விட்டம் மாறினாலோ அதன் கணக்கு தவறும்; ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். சட்டமும் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறியிருக்கிறது. அதே மாடலுக்கு நிறுவனமே விற்கும் சக்கரத்தை அதே அளவில் பூட்டுவதே பாதுகாப்பு.

நெடுஞ்சாலையில் நீண்ட தூரம், பராமரிப்புக்கு நேரமில்லை, தனியாகப் பயணம் என்றால் அலாய் வீல் போதும். விரிசல் கண்டால் நிமிர்த்தாமல் மாற்றிவிட வேண்டும். கரடுமுரடான கிராமச் சாலையும், கோட்டம் எடுக்கத் தெரிந்த கையும் பக்கத்தில் இருந்தால் போக்ஸ் வீலை நம்பலாம். அந்தக் கை இல்லாத ஊரில் குரோம் போக்ஸுக்குச் செலவழிப்பது, ஒவ்வொரு சர்வீஸிலும் கம்பிகளைத் தட்டிப் பார்க்க நாமே கற்றுக்கொள்ளாவிட்டால், வெறும் அலங்காரச் செலவு.