மேசை இழுப்பறையில் ஒரு துப்பாக்கி

ஓர் அறையில் இரண்டு மூன்று சிறுவர்கள் விளையாடிக் கொண்டிருக்கிறார்கள். ஒருவன் மேசையின் இழுப்பறையைத் திறக்கிறான். உள்ளே ஒரு கைத்துப்பாக்கி! அவன் என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்? தொடாமல் மூடிவிட்டுப் பெரியவர்களை அழைப்பானா? அல்லது கையில் எடுப்பானா?

இதை வெறும் ஊகத்துக்கு விட்டுவிடாமல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் சில மருத்துவர்கள் சோதித்தே பார்த்தார்கள். முடிவுகள் 2001ஆம் ஆண்டில் வெளியாயின. 8 முதல் 12 வயது வரையுள்ள 64 சிறுவர்களை 29 சிறு குழுக்களாகப் பிரித்து, ஓர் அறையில் 15 நிமிடம் வரை விட்டார்கள். இழுப்பறைகளில் இரண்டு நீர்த்துப்பாக்கிப் பொம்மைகளும், தோட்டா நிரப்பாத உண்மையான கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தன. துப்பாக்கியின் குதிரையைச் சுடும் அளவுக்கு யாரேனும் இழுத்தால் வெளியே விளக்கு எரியும்படி உள்ளே ஒரு சிறு கருவியும் பொருத்தியிருந்தார்கள். ஒருபக்கக் கண்ணாடியின் பின்னே நின்று ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள்.

48 சிறுவர்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் அதைக் கையில் எடுத்தார்கள். 16 பேர் குதிரையை இழுத்தே விட்டார்கள். கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைப் பொம்மை என்று எண்ணினார்கள். அல்லது உண்மையானதுதானா என்று ஐயப்பட்டார்கள். இவை எல்லாவற்றையும்விட வியப்பான செய்தி ஒன்று உண்டு. துப்பாக்கியைத் தொட்டவர்களிலும் குதிரையை இழுத்தவர்களிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள், துப்பாக்கியின் அபாயத்தைப் பற்றி ஏற்கெனவே அறிவுரை பெற்றவர்களே!

நோயையும் விபத்தையும் மிஞ்சிய காரணம்

இதற்கு ஒரு சோதனை தேவையா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் துப்பாக்கி மிகப் பல வீடுகளில் உள்ள பொருள். 2020ஆம் ஆண்டில் அந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளோரில் 4,300க்கு மேற்பட்டவர்கள் துப்பாக்கிக் காயத்தால் இறந்தார்கள். நெடுங்காலமாக முதலிடத்தில் இருந்த மோட்டார் வாகன விபத்தை அவ்வாண்டில் துப்பாக்கி பின்னுக்குத் தள்ளிவிட்டது. இவற்றுள் கொலைகள் உண்டு, தற்கொலைகள் உண்டு, கைதவறி நேர்ந்த விபத்துகளும் உண்டு. 2015ஆம் ஆண்டின் கணிப்பு ஒன்றின்படி, தோட்டா நிரப்பிய, பூட்டப்படாத துப்பாக்கி உள்ள வீடுகளில் ஏறக்குறைய 46 இலட்சம் குழந்தைகள் வாழ்ந்தார்கள்.

பிஞ்சு விரலுக்கும் போதுமான வலு

துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். தோட்டா என்பது ஒரு சிறு உலோகக் குப்பி. அதன் அடியில், அடிபட்டால் பொறி கக்கும் கலவை கொஞ்சம், நடுவில் வெடிமருந்து, நுனியில் குண்டு. குதிரையை இழுத்ததும் ஒரு முள் தோட்டாவின் அடியில் மோதுகிறது. பொறி கிளம்பி மருந்து எரிகிறது. அதில் பிறக்கும் வாயுவின் அழுத்தம் குண்டை வெளியே தள்ளுகிறது. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தையொட்டிப் பாய்கிறது.

இத்தனையும் நடக்கத் தேவையானது விரலின் இழுப்பு மட்டுமே. அதற்குக் குழந்தைக்கு வலு உண்டா? 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்தது. இரு சுட்டுவிரல்களையும் சேர்த்து இழுக்கும்போது, 3, 4 வயதுக் குழந்தைகளில் 25 சதவீதம் பேரும், 5, 6 வயதில் 70 சதவீதம் பேரும், 7, 8 வயதில் 90 சதவீதம் பேரும் 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ அளவு இழுக்க வல்லவர்களாக இருந்தார்கள். ஆய்வில் கருதப்பட்ட 64 வகைக் கைத்துப்பாக்கிகளில் 59 வகைகளைச் சுட இந்த வலு போதும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் குழாயின் பின்னறையில் ஏற்கெனவே ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கலாம். உயிரைப் பறிக்க அந்த ஒன்று போதாதா?

"என் பிள்ளை தொடமாட்டான்"

இப்படிச் சொல்லாத பெற்றோர் உண்டோ? அட்லாண்டா சோதனையில், தம் மகனுக்குத் துப்பாக்கியில் நாட்டம் குறைவு என்று பெற்றோர் கூறிய சிறுவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகவே அதைக் கையில் எடுத்தார்கள். அலபாமா மாநிலத்தில் நடந்து 2006ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டார்கள். துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள், "எனக்குத் தெரியும்" என்றார்கள்!

இதில் பிள்ளைகளைக் குறைகூறுவதற்கில்லை. புதியதைக் கண்டால் தொட்டுப் பார்ப்பது குழந்தையின் இயல்பு; உலகத்தை அறிய அதற்குள்ள வழி அது. நம் வீட்டிலும் மருந்து மாத்திரையை உயரத்தில் வைக்கிறோமே தவிர, "தின்னாதே" என்று சொல்லிவிட்டுத் தரையில் வைப்பதில்லை. குழந்தையால் எளிதில் திறக்க முடியாத மூடிகளை ஆபத்தான மருந்துகளுக்குப் போட வேண்டும் என்று அமெரிக்கா 1970ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. மாத்திரை விழுங்கி இறக்கும் குழந்தைகளின் தொகை அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொம்மைத் துப்பாக்கிக்கு விதி வகுக்கலாம். உண்மைத் துப்பாக்கிக்கு வகுக்க அதற்கு அதிகாரம் இல்லை.

வளரிளம் பருவத்தினர் விஷயம் இன்னும் கவலைக்குரியது. அவர்களுக்குத் துப்பாக்கி எதுவென்று நன்றாகத் தெரியும். மனம் உடைந்த ஒரு வேளையில் எழும் எண்ணம் பெரும்பாலும் கடந்து போய்விடும். ஆனால் அந்த வேளையில் துப்பாக்கி கைக்கு எட்டினால், பிழைத்தெழ வாய்ப்பு மிகக் குறைவு. இவ்வாறு உயிர்விடும் இளையோர் பெரும்பாலும் பயன்படுத்துவது சொந்த வீட்டுத் துப்பாக்கியைத்தான்.

நான்கு பழக்கங்கள்

காக்கும் வழி கடினமானதன்று. துப்பாக்கியைக் காலியாக வைத்தல். அதைப் பூட்டி வைத்தல். தோட்டாக்களை வேறிடத்தில் வைத்தல். அவற்றையும் பூட்டி வைத்தல். இந்நான்கில் ஒவ்வொன்றும் ஆபத்தைக் குறைப்பதோடு தொடர்புடையது என்று 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. வீட்டில் துப்பாக்கியே இல்லாதிருப்பதுதான் மிகப் பாதுகாப்பு என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் கருத்து.

பெற்றோரைப் பொறுப்பாக்கும் சட்டத்தை முதன்முதலில் 1989ஆம் ஆண்டில் இயற்றியது புளோரிடா மாநிலம். பிறகு வேறு பல மாநிலங்களும் பின்பற்றின. 2021 நவம்பர் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலப் பள்ளி ஒன்றில் 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அந்தத் துப்பாக்கி நான்கு நாட்களுக்கு முன் அவன் தந்தை வாங்கியது. 2024ஆம் ஆண்டில் தாய், தந்தை இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பள்ளியில் பிள்ளை நடத்திய இத்தகைய படுகொலைக்காகப் பெற்றோர் நோக்கமில்லாக் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றது அந்நாட்டில் அதுவே முதல் முறை.

ஆனால் தண்டனை, இழப்பு நேர்ந்த பிறகு வருவது. பூட்டோ முன்னதாகவே வேலை செய்வது. உங்கள் மகளோ மகனோ பேரப்பிள்ளைகளோடு அமெரிக்காவில் வாழ்கிறார்களா? பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்புமுன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கும்படி அங்குள்ள மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கலாம். வீட்டில் நாய் உண்டா, அது கடிக்குமா என்று கேட்க நாம் கூசுவதில்லையே!