சிறுமியரின் வண்ணச் சித்திரத் தொடர்கள்: அடுத்து எதைக் காட்டலாம்?

"இதைப் போல வேறு என்ன இருக்கிறது?" விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் குடும்பங்கள் பலவற்றில் இப்பொழுது அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர்கள் எட்டு முதல் பதினாறு வயதிற்குட்பட்ட நம் பெண்மக்கள். அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களைப் பற்றியே அவர்கள் கேட்கின்றனர். அவற்றிலும், நான்கைந்து சிறுமியர் ஆளுக்கொரு வண்ண உடை பூண்டு, ஒன்றுகூடிச் சாகசம் புரியும் தொடர்களைப் பற்றி. விடை சொல்லவேண்டிய பெற்றோரோ, "சின்னப்பிள்ளைப் படந்தானே" என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். அவர்கள் சொல்லாத விடையைக் கைப்பேசி சொல்லிவிடுகிறது. ஒரு தொடர் முடிந்த மறுகணமே, அதே நிறத்தில், அதே தோற்றத்தில் இன்னொன்றை எடுத்து நீட்டுகிறது. நிறம் ஒன்றாயிருப்பதால் உள்ளிருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஆகவே, நல்லனவற்றுள் சிலவற்றைப் பெயர் சுட்டிச் சொல்லலாம் என இதனை எழுத முற்பட்டோம்.

சாகசம் புரியும் சிறுமி நம் ஊர்களுக்குப் புதியவள் அல்லள். 2007ஆம் ஆண்டில் சுட்டி டி.வி. தொடங்கப்பட்டபின், 'டோராவின் பயணங்கள்' வாயிலாக டோரா நம் வீட்டுக் கூடங்களில் தமிழிலேயே பேசினாள். அது அமெரிக்கத் தொடர். முதுகில் பையும் துணைக்கு வரைபடமுமாக, புஜ்ஜி என்ற குரங்கோடு அவள் ஆற்றையும் காட்டையும் கடந்து சென்றதை நம் பிள்ளைகள் சோற்றுத் தட்டை மறந்து பார்த்தனர். அன்று பார்த்த சிறுமியர் இன்று வேலைக்குச் செல்லும் பருவத்தினர். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் டோராவோடு நில்லாமல் ஜப்பானுக்கே போய்விட்டனர். 2023 முதல் கிரஞ்சிரோல் நிறுவனம் அனிமே தொடர்கள் சிலவற்றைத் தமிழ்க் குரலில் வழங்கி வருகிறது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' திரைப்படம் தமிழ் பேசியவாறு திரையரங்குகளுக்கே வந்தது. எனினும் தமிழ் பேசும் அனிமேக்களுள் வாளும் போருமான கதைகளே மிகுதி. நாம் இங்கே குறிப்பிடப்போகும் சிறுமியர் தொடர்களைப் பெரும்பாலும் ஆங்கிலக் குரலிலோ, ஜப்பானியக் குரலும் அடியில் ஆங்கில எழுத்துமாகவோதான் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் மூத்தவள் ஒருத்தி எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்ல, இளையவளும் பாட்டியும் கேட்டுக்கொண்டே பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதுவும் ஒரு நல்ல பயிற்சியே.

ஆளுக்கொரு வண்ணம் என்னும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? 1966ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'மாயக்காரி சாலி' என்ற தொடர் வெளிவந்தது. மந்திர உலகத்துச் சிறுமி ஒருத்தி மனிதரிடையே வந்து வாழும் கதை அது. மந்திரச் சிறுமியர் கதைகள் என்று ஒரு தனி வகையே அதிலிருந்து கிளைத்தது. இது ஒரு கால்வழி. மற்றொன்று, 1975இல் தொடங்கிய 'கோரேஞ்சர்' என்ற நடிகர்கள் நடித்த தொடர். சிவப்பு, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என ஐந்து வண்ண உடையில் ஐந்து வீரர் அதில் தோன்றினர். அந்த ஐவருள் பெண் ஒருத்தியே, அவளுக்குத்தான் இளஞ்சிவப்பு! தாக்கேயுச்சி நாவோக்கோ என்னும் பெண் ஓவியர் இவ்விரு கால்களையும் ஒன்றாக்கி, ஐந்து வண்ணங்களையும் பெண்களுக்கே கொடுத்துவிட்டார். அதுவே 'செய்லர் மூன்'. 1992 மார்ச் முதல் 1997 பிப்ரவரி வரை 200 பகுதிகளாக அது ஓடியது. அதன் தலைவி உசாகி பதினான்கு வயதுப் பள்ளி மாணவி. பள்ளிக்கு நேரம் கழித்துச் செல்பவள், தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்குபவள், எடுத்ததற்கெல்லாம் அழுபவள். ஒருத்தி படிப்பில் கெட்டிக்காரி, ஒருத்தி முன்கோபி, ஒருத்தி உயரமும் வலிமையும் உடையவள், அவளே சமையலிலும் வல்லவள். தனியே எவளும் நிறைவானவள் அல்லள். ஐவரும் சேர்ந்தால்தான் காரியம் ஆகிறது.

நம் பெண்மக்களை இத்தொடர்கள் ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன என்பதை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். பள்ளிவிட்டு வந்ததும் தம்பி மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைவரை போய்வருகிறான். அக்காளுக்கு வாசற்படியே எல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தைத் தோழியரோடு மட்டும் சென்று வந்த பதினைந்து வயதுப் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்? அச்சத்திற்குக் காரணம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தோழியரோடு ஊர் கடந்து போகும் இன்பத்தை அச்சிறுமி திரையில்தான் அடைகிறாள் என்பதும் உண்மை. அவள் விரும்புவது வண்ணத்தை மட்டுமன்று, அந்தக் கூட்டுறவை. அடுத்த தொடரைத் தேர்ந்தெடுக்கையில் இதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

ஏழெட்டு வயதினர்க்கு 'ஓஜமாஜோ தோரேமி' (1999 முதல் 2003 வரை) மிகப் பொருந்தும். மந்திரம் கற்கும் சிறுமியர் கதைதான். ஆயினும் மந்திரத்தைவிட வகுப்புத் தோழர்களின் துன்பங்களே அதில் பெரிதும் பேசப்படுகின்றன. பெற்றோர் பிரிந்துபோன பிள்ளை, பள்ளிக்கு வர அஞ்சும் பிள்ளை என ஒவ்வொருவரையும் அச்சிறுமியர் பொறுமையாக அணுகுகின்றனர். மந்திரம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் நம்முள் உண்டு. இவை பாட்டி சொன்ன ஏழுகடல் தாண்டிய கிளிக் கதையின் இனத்தைச் சேர்ந்தவை. அதற்கு மேல் அஞ்ச இவற்றில் ஒன்றும் இல்லை.

2004இல் தொடங்கிய 'பிரிக்யூர்' வரிசை இன்றளவும் நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு புதிய கதை, புதிய சிறுமியர், புதிய வண்ணங்கள். பெண்பிள்ளைகளும் துள்ளிக் குதித்து மல்லுக்கு நிற்க விரும்புவார்கள் என்ற எண்ணத்தில் உருவானது. உற்சாகமானது, தீங்கற்றது, ஆனால் பொம்மை விற்பனையைக் கருத்திற்கொண்டே ஒவ்வோர் ஆண்டும் புதிய மந்திரக் கருவி ஒன்று வந்து சேர்கிறது என்பதைச் சம்பாதிக்கும் தந்தையர் அறிந்துகொள்வது நலம்!

பத்து வயதினர்க்கு நம் தேர்வு 'கார்ட்கேப்டர் சகுரா'. கிளாம்ப் எனும் பெண் ஓவியர் குழுவின் படைப்பு. 1998 முதல் 2000 வரை 70 பகுதிகளாக வெளிவந்தது. தந்தையின் நூலறையில் பழைய நூலொன்றைச் சகுரா திறக்க, அதிலிருந்த மந்திர அட்டைகள் காற்றில் பறந்துவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக மீட்பதே கதை. அவளுடைய தோழி ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புது உடை தைத்துத் தருகிறாள், வண்ணத்திற்குக் குறைவில்லை. எனினும் நம்மைக் கவர்ந்தது அவ்வீடு. தாயை இழந்த அக்குடும்பத்தில் தந்தையும் அண்ணனும் முகங்கோணாமல் அடுப்படியில் நிற்கின்றனர். நம் வீட்டு ஆண்பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்திக் காட்டவேண்டிய தொடர் இது.

அதே குழுவினரின் 'மேஜிக் நைட் ரேயர்த்' (1994–95) சிவப்பு, நீலம், பச்சை என மூன்று சிறுமியர் வேற்றுலகிற்குச் செல்லும் கதை. சாகசம் மிகுந்தது, ஆயினும் முதற்பாகத்தின் முடிவு நெஞ்சை உலுக்கும். பன்னிரண்டு வயதிற்குப் பின் காட்டலாம். 2017இல் வந்த 'லிட்டில் விட்ச் அகாடமியா' நகைச்சுவை நிறைந்தது. மந்திரக் குடும்பத்தில் பிறவாத அக்கோ என்னும் பெண் மந்திரப் பள்ளியில் சேர்ந்து, துடைப்பத்தில் பறக்கத் தெரியாமல் விழுந்து விழுந்து எழுகிறாள். மதிப்பெண்ணால் மனமுடைந்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதையே முதலில் எடுங்கள்.

இனி, எச்சரிக்கை. 2011இல் வெளிவந்த 'மதோகா மாகிகா' 12 பகுதிகளே கொண்டது. முகப்புப் படத்தில் இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம். பெரிய கண்களையுடைய சிறுமியர். பூனைக்குட்டி போன்ற வெள்ளைப் பிராணி ஒன்று. பார்த்தால் பிரிக்யூரின் தங்கை என்றே தோன்றும். அந்த வெண்பிராணி, விரும்பியதைத் தருவதாகச் சொல்லிச் சிறுமியரிடம் ஒப்பந்தம் பெறுகிறது. அதன் விலை அவர்கள் வாழ்வு. மூன்றாம் பகுதியிலேயே ஒரு பெண் கொடூரமாக மாள்கிறாள். கலைப்படைப்பு என்ற முறையில் அது உயர்ந்தது. ஜப்பானிய ஊடகக் கலை விழாவில் சித்திரப்படப் பிரிவின் முதற்பரிசையும் பெற்றது. ஆனால் அது நள்ளிரவு கடந்தபின் பெரியவர்களுக்காக ஒளிபரப்பப்பட்ட தொடர். 'செய்லர் மூன்' பார்த்த பத்து வயதுச் சிறுமியிடம் அதைக் கொடுப்பது பெருந்தவறு. பெண்களே நிறைந்த கதைகளெல்லாம் பெண்பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆடவர் கண்ணுக்கு விருந்தாகப் பெண்ணுடலைக் காட்டுவனவும் இதே நிறங்களில் வருகின்றன. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையவழிப் படங்களுக்கு ஏழு, பதின்மூன்று, பதினாறு என வயதுக் குறியீடு இடப்படவேண்டும். படம் தொடங்கும்போது திரையின் ஓரத்தில் தோன்றி மறையும் அந்த எண்ணை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை.

பதின்மூன்று வயதைக் கடந்தவர்களுக்கு நாம் முதலிடம் கொடுப்பது, மந்திரமும் மாய உடையும் அற்ற ஒரு தொடருக்கு. 'பேரண்டத்தைவிடத் தொலைவான இடம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2018இல் 13 பகுதிகளாக வெளிவந்தது. இயக்கியவர் இஷிசுக்கா அத்சுக்கோ என்னும் பெண். தோக்கியோவிற்கு வடக்கே தத்தேபயாஷி என்னும் சிற்றூர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாரி, இளமை முடிவதற்குள் செய்யவேண்டியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஒன்றையும் செய்யாமல் நாளைக் கடத்துகிறாள். ஒருநாள் இரயில் நிலையத்தில் பத்து இலட்சம் யென் அடங்கிய உறையொன்று அவள் கையில் கிடைக்கிறது. அதற்குரியவள் ஷிராசே. அண்டார்க்டிகாவில் காணாமற்போன தன் தாயைத் தேடிச் செல்வதற்காக, பகுதிநேர வேலை பார்த்து அப்பணத்தைச் சேர்த்தவள். ஊரும் பள்ளியும் அவளைப் பார்த்துச் சிரிக்கின்றன. மாரி சிரிக்கவில்லை, உடன் வருகிறேன் என்கிறாள். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுக் கடையில் வேலை செய்யும் ஹினாத்தாவும், சிறுவயதிலேயே நடிகையாகித் தோழியென்று ஒருத்தியையும் அறியாத யுசுகியும் சேர்ந்துகொள்ள, நால்வராகின்றனர்.

சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறைமுகம், அங்கிருந்து கப்பல். கடல் கொந்தளிக்க நால்வரும் படுக்கையிலிருந்து எழமுடியாமல் வாந்தியெடுத்துக் கிடக்கும் பகுதியை நாம் சிரித்துக்கொண்டே பார்த்தோம். இறுதிக்கு முந்திய பகுதியை அவ்வாறு பார்க்க இயலவில்லை. அங்கே நிகழ்வதைச் சொல்லிவிட்டால் பார்ப்போர்க்குச் சுவை குன்றும். இவர்கள் உலகத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். வீட்டில் அனுமதி வாங்குவதே அவர்களுக்கு முதற்போர். மாரி தாயிடம் சொல்லாமல் மறைத்து, அது வெளிப்பட்டு, அத்தாய் கொள்ளும் சினம் நம் வீட்டுத் தாய்மாரின் சினமேதான். நியூயார்க் டைம்ஸ் நாளேடு அவ்வாண்டின் சிறந்த வெளிநாட்டுத் தொடர்களுள் ஒன்றாக இதனைத் தேர்ந்தெடுத்தது.

ஒரு பகுதி ஏறத்தாழ இருபத்துநான்கு நிமிடம். முழுவதும் ஐந்து மணி நேரத்திற்குச் சற்று மேல். காலாண்டு விடுமுறையில் நாளுக்கு இரண்டாகத் தாயும் மகளும் சேர்ந்தமர்ந்து பார்த்துவிடலாம். பார்த்து முடித்தபின், "இதெல்லாம் படத்தில்தான் நடக்கும்" என்று மகள் சொன்னால், அவளிடம் இரு பெயர்களைச் சொல்லுங்கள். கடலியல் அறிஞர் அதிதி பந்த், நிலவியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தா. 1983–84இல் நம் நாட்டின் மூன்றாம் அண்டார்க்டிகப் பயணக் குழுவில் இடம்பெற்று, அப்பனிநிலத்தில் கால்வைத்த முதல் இந்தியப் பெண் அறிஞர்கள் அவர்கள். அந்தப் பயணத்தில்தான் 'தட்சிண் கங்கோத்ரி' ஆய்வு நிலையமும் அங்கே அமைக்கப்பட்டது.