நகராத இன்ஜினுக்குப் பனி வேலை

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் டானர் கணவாயைக் கடக்கும் ரயில்பாதைக்கு அசல் எதிரி பனிதான். ஆண்டுக்குச் சராசரியாக 10 மீட்டர் கொட்டும். 1951-52 குளிர்காலத்தில் 20 மீட்டரைத் தாண்டியது. அந்த ஜனவரியில் ‘சிட்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ’ ரயில் 226 பேருடன் மூன்று நாள் அங்கே சிக்கிக் கிடந்தது. மீட்கப்போன பனி வெட்டும் வண்டிகளும் மாட்டிக்கொண்டன.

அந்த வண்டிக்கு ரோட்டரி என்று பெயர். முகப்பில் 3 மீட்டர் விட்டத்துக்குச் சுழலும் ஒரு சக்கரம். அதன் தகடுகள் பனியைச் செதுக்கி உள்ளே இழுத்து, மேலே உள்ள குழாய் வாய் வழியாகப் பாதைக்கு வெளியே வீசி எறியும். இதற்கு 1869இல் காப்புரிமை வாங்கியவர் டொரன்டோ பல் மருத்துவர் எலியட். பல்லைக் குடைகிறவருக்கு இப்படித் தோன்றியதில் வியப்பில்லை! 1880களில் கனடாவின் லெஸ்லி சகோதரர்கள் அதை வண்டியாகவே செய்தார்கள்.

ரோட்டரி தானாக ஓடாது. பின்னால் இன்ஜின்கள் தள்ள வேண்டும். உள்ளே இருக்கும் பாய்லரும் நீராவி இயந்திரமும் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே. டீசல் காலம் வந்தபின், சில நாள் வேலைக்காக பாய்லரையும் அதற்குத் தண்ணீர் நிரப்பும் ஏற்பாடுகளையும் கட்டிக் காப்பது பெரும் தொல்லையானது. அப்போதுதான் அந்தப் பாதையை நடத்திய சதர்ன் பசிபிக் ரயில்வே, ஓய்வுபெற வேண்டிய டீசல் இன்ஜின்கள் பக்கம் திரும்பியது.

எஃப்-7 என்ற டீசல் இன்ஜின் வகையில் ‘பி’ என்று ஒன்று உண்டு. ஓட்டுநர் அறையே இல்லாத பெட்டி. இன்னொரு இன்ஜினுக்குத் துணையாக இழுப்பதற்கென்று வந்தது. உள்ளே 1,500 குதிரைத்திறன் டீசல், அதோடு ஒரு ஜெனரேட்டர். டீசல் ரயில் இன்ஜின் என்றாலும் அதன் சக்கரங்களைச் சுற்றுவது மின் மோட்டார்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அந்த வகை மோட்டார்களையே ரோட்டரியில் நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் பொருத்தி, பின்னால் நிற்கும் எஃப்-7 ‘பி’யிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் கொடுத்தார்கள். தன் சக்கரத்தைச் சுற்ற வேண்டியது இல்லாததால், அது தானாக நகராத இன்ஜின் ஆகிவிட்டது. ரயில்காரர்கள் வைத்த பெயர்: ‘நத்தை’.

பொருத்தம் அபாரம். சுமை ஏற ஏற வேகம் குறைந்து, முறுக்குவிசை கூடுவது இந்த நேர்மின் மோட்டார்களின் குணம். நிற்கும் சரக்கு ரயிலை அசைக்க உதவிய அதே குணம், ஈரம் ஊறிய கனத்த பனியைக் கடிக்கவும் கைகொடுக்கிறது. ‘சியரா சிமெண்ட்’ என்று அழைக்கப்படும் அந்தப் பனிக்கு அதிவேகத்தைவிட விடாப்பிடிதான் தேவை.

செலவுக் கணக்கும் பழைய இன்ஜின் பக்கமே நிற்கிறது. சாதாரணப் பனியை முன்தகடு வைத்த வண்டிகளே ஒதுக்கிவிடும். ரோட்டரியை எடுப்பது கடும் புயலில்தான். சில ஆண்டுகள் அதைத் தொடவே வேண்டியிருக்காது. அதற்காகப் புது இன்ஜின் வாங்கிச் சும்மா நிறுத்தினால் எந்தக் கணக்காளர் ஒப்புவார்? பிரிட்டனிலும் நீராவி இன்ஜின்களை ஒழித்தபோது, அவற்றின் நிலக்கரி வண்டிகளின் அடிச்சட்டத்தில் பனிக்கலப்பையைப் பொருத்தினார்கள். அங்கே வேண்டியது கனம் மட்டுமே.

1996இல் சதர்ன் பசிபிக்கை வாங்கிய யூனியன் பசிபிக், அந்த ரோட்டரிகளையும் நத்தைகளையும் கைவிடவில்லை. 2017 பிப்ரவரியிலும் டானருக்கு அனுப்பியது. போகும்போது இரண்டு ரோட்டரிகளை எதிரெதிர்த் திசை பார்க்க இரு முனையிலும் மாட்டி, நத்தைகளையும் தள்ளும் இன்ஜின்களையும் நடுவில் வைப்பார்கள். வெட்டிக்கொண்டு போன பாதை பின்னால் மறுபடி மூடிக்கொண்டால், திரும்பி வரவும் வெட்டித்தான் ஆக வேண்டும்.