விண்வெளியில் ஒரு புது வாணிகம்

உன்னிச்சைக் குளத்தை அறியாதார் மட்டக்களப்பில் இலர். அதன் நீர் வயல்களுக்குப் பாய்கின்றது. சுத்திகரிக்கப்பெற்று நகரத்தார் இல்லக் குழாய்களிலும் வருகின்றது. குளத்தின்கீழ் வேளாண்மை செய்வோர், வாய்க்காலைத் துப்புரவு செய்தல் தத்தம் கடன் என்பதை நன்குணர்வர். தன் காணிக்குரிய பங்கினை ஒருவர் வெட்டாதொழியின் வட்டைவிதானையார் வினவாது விடார். பலரும் நுகரும் பொதுப்பொருளைப் பேணுஞ் செலவு யாரைச் சாரும் என்னும் வினாவுக்கு நம் முன்னோர் குளக்கரையிற் கண்ட விடை இது.

அதே வினா இன்று நம் தலைக்குமேல் வானவெளியில் எழுந்துள்ளது. செய்மதிகளுக்கு விண்ணிலேயே பணிவிடை செய்தலும், ஆயுள் முடிந்தவற்றை அப்புறப்படுத்தலும் ஒரு வாணிகமாக உருவெடுத்து வருகின்றன. இவ்வாணிகத்தின் ஒரு பாதி ஊதியம் ஈட்டத் தொடங்கிவிட்டது. மறுபாதியோ வாங்குவாரின்றித் தள்ளாடுகின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தை நம் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் விளக்குதலே எமது நோக்கமாகும்.

செய்மதி ஒன்று ஏன் முடிவெய்துகின்றது என்பதை முதலில் நோக்குவோம். பூமத்திய கோட்டுக்கு நேர்மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடொத்துச் சுற்றும் செய்மதி நமக்கு ஓரிடத்தே நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய செய்மதிகளைக்கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாமென 1945ஆம் ஆண்டில் எழுதியவர் ஆதர் சி. கிளாக். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இந்நாட்டையே தம் இல்லமாகக் கொண்டவர் அவர். உன்னிச்சையில் நின்று நோக்குவோர்க்கு அச்செய்மதி வளையம் உச்சிக்குச் சற்றுத் தெற்கே அமையும்.

ஆயினும் அச்செய்மதிகள் தாமாக அங்கு நிலைத்து நிற்பதில்லை. சூரியனும் சந்திரனும் அவற்றை ஈர்த்து நிலைபிறழச் செய்கின்றன. எனவே, சிறு உந்துபொறிகளை இடையிடையே இயக்கி அவற்றை உரிய இடத்தில் நிறுத்தல் வேண்டும். பல ஆண்டுகள் சென்றபின் எரிபொருள் தீர்ந்துவிடும். அப்போதும் வானொலிக் கருவிகள் பழுதின்றி இருத்தல் கூடும். கண்ணும் செவியும் நலமாயிருக்கக் கால் மட்டும் ஓய்ந்த முதியவரின் நிலை அது. ஆதலால், கடைசி எரிபொருள் தீருமுன்னரே செய்மதியை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் மேலே உயர்த்தி, பயனற்றவை கிடக்கும் ‘மயான’ச் சுற்றுப்பாதையில் விட்டுவிடுதல் வழக்கமாயிற்று.

இவ்வழக்கை மாற்றியது அமெரிக்காவின் நோத்றொப் கிறம்மன் கம்பனியைச் சேர்ந்த எம்.ஈ.வி.-1 என்னும் பணிக்கலம். 2019 ஒக்ரோபரில் ஏவப்பட்ட இது, 2020 பெப்ரவரி 25ஆம் நாள், 2001இல் விண்ணேறிய இன்ரெல்சற்-901 என்னும் செய்மதியைப் பற்றிக்கொண்டது. எரிபொருளை மாற்றி ஊற்றும் வேலை எதுவும் இங்கு நடைபெறவில்லை. காளை ஓய்ந்த வண்டிக்கு வேறொரு காளையைப் பூட்டினாற்போல, பணிக்கலம் தன் பொறிகளாலேயே பழைய செய்மதியை நகர்த்தியது. ஐந்தாண்டுகள் ஊழியம் செய்தபின் 2025 ஏப்பிரலில் அதனை மயானப் பாதையில் விட்டுப் பிரிந்தது. இச்சேவைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 13 மில்லியன் டொலர் கட்டணம். புதிய செய்மதியொன்றைச் செய்து ஏவுதற்கு வேண்டிய பெருந்தொகையோடு ஒப்பிடின் இது சிறிதே. ஆகவே செய்மதிக்குரியோர் மனமுவந்து பணம் கொடுத்தனர்.

நம் அயல்நாடாகிய இந்தியாவும் இத்துறையிற் கால்வைத்துள்ளது. 2024 டிசெம்பர் 30ஆம் நாள் சிறீகரிக்கோட்டாவிலிருந்து சென்ற இசுப்பேடெக்சு செய்மதிகள் இரண்டும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோகிராம் நிறையுடையன, 2025 சனவரி 16ஆம் நாள் விண்ணில் ஒன்றோடொன்று இணைந்தன. இவ்வித்தையில் வெற்றி கண்ட நான்காவது நாடு இந்தியா. ஓடும் கலங்கள் இரண்டை மோதாது இணைக்கும் இத்திறனே பணிவிடை அனைத்துக்கும் அடிப்படை. ஓர்பிற்எயிட் என்னும் இந்தியத் தனியார் நிறுவனம் விண்ணில் எரிபொருள் நிரப்புதற்கென ‘ஆயுள்சற்’ என்னும் சிறு கலத்தை அமைத்தது. 2026 சனவரி 12ஆம் நாள் அதனைச் சுமந்து சென்ற றொக்கற் வழியிற் பழுதுற்றமையால் அம்முயற்சி அன்று கைகூடவில்லை. எனினும் ஆயுளை நீட்டித்தலுக்கு வாங்குவோர் உளர் என்பதில் ஐயமில்லை.

இனி, மறுபாதியாகிய அகற்றும் தொழிலைக் காண்போம். தாழ்ந்த பாதைகளிற் சுற்றுவன செக்கனுக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றன. அவ்வேகத்திற் சிறு துண்டும் குண்டாகிவிடும். 2009 பெப்ரவரி 10ஆம் நாள், தொழிற்பட்டுக்கொண்டிருந்த இரிடியம்-33 செய்மதியும், செயலிழந்த இரசியச் செய்மதியாகிய கொஸ்மொஸ்-2251உம் மோதிச் சிதறின. கண்டறிந்து பதியப்பட்ட துண்டுகள் மட்டும் ஈராயிரத்துக்கு மேற்பட்டன. அவை மேலும் பலவற்றை மோதி உடைக்கக்கூடும்.

நம் நாட்டுக்கும் இவ்விடயம் புறம்பன்று. 2015 நவம்பர் 13ஆம் நாள் இலங்கையின் தென்கரைக்கு அப்பால், கடலின்மேல், விண்கழிவு ஒன்று எரிந்து வீழ்ந்தது. அது வந்த வேளையில் அதற்குரியவர் யாரென எவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை. இலங்கையின் முதலாவது சிறு ஆராய்ச்சிச் செய்மதியாகிய இராவணா-1, 2019இல் தாழ்ந்த பாதையில் விடப்பட்டமையால், சில ஆண்டுகளுள் வளிமண்டலத்திற் புகுந்து தானே எரிந்தொழிந்தது. உயர்ந்த பாதையிலுள்ளவற்றுக்கு அவ்வாறு எளிதில் முடிவு வாராது. இந்தியாவும் பிரான்சும் 2011இல் ஏவிய மேகா-துரோபிக் செய்மதி 867 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றியது. விட்டிருந்தால் நூறாண்டுக்கு மேலும் சுற்றியிருக்கும். எஞ்சியிருந்த எரிபொருளைக்கொண்டு அதனைப் படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச்சு 7ஆம் நாள் பசிபிக் சமுத்திரத்தின்மேல் எரியச் செய்தனர். தன் குப்பையைத் தானே அகற்றிய நற்செயல் இது.

எரிபொருளும் உயிருமற்ற குப்பையை யார் அகற்றுவர்? யப்பானிய அஸ்ரோஸ்கேல் கம்பனியின் ஆய்வுக்கலம், 2009இல் ஏவப்பட்ட யப்பானிய றொக்கற்றின் பாகமொன்றை 2024 நவம்பரில் ஏறத்தாழ 15 மீற்றர் தூரம்வரை அணுகிற்று. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் கிளியர்சுப்பேசு என்னும் கம்பனிக்கு ஒரு கழிவை அகற்றவென 2020இல் 86 மில்லியன் யூரோ ஒப்பந்தம் வழங்கியது. இரண்டிலும் பணம் கொடுப்பது பொது நிதியே. தன் செத்த செய்மதியை எடுத்தெறியவெனத் தானே பணம் நீட்டும் வாணிகர் அரியர். அதனால் அவர்க்கு இலாபம் இல்லை. கேடு வரினோ அது எல்லோர்க்கும் பங்காகின்றது.

சட்டம் இங்கு இடையிற் புகுகின்றது. தாழ்ந்த பாதைச் செய்மதிகளைப் பணி முடிந்த ஐந்தாண்டுகளுள் அகற்றவேண்டுமென அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 2022இல் விதித்தது. எரிபொருட் குறைவினால் தன் செய்மதியை 300 கிலோமீற்றருக்குப் பதிலாக 122 கிலோமீற்றர் மட்டுமே உயர்த்திய டிஷ் கம்பனிக்கு 2023இல் 150,000 டொலர் இறுக்க நேர்ந்தது. விண்கழிவு குறித்து அவ்வாணைக்குழு எடுத்த முதல் நடவடிக்கை அது. எனினும் வாசகர் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும்: எம்.ஈ.வி.-1 பெற்ற கட்டணத்தோடு ஒப்பிடின் இத்தண்டம் ஏறத்தாழ நான்கு நாட் கூலிக்குச் சமம். வாய்க்கால் வெட்டும் கூலியினும் வெட்டாமைக்குரிய தண்டம் குறைவாயின், மண்வெட்டி எடுப்பார் யார்?

பிறிதொரு தடையும் உண்டு. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின்படி, பதிவுசெய்த நாட்டின் அதிகாரம் அப்பொருள் செத்த பின்னும் நீங்குவதில்லை. ஆகவே பிறர் கழிவை அனுமதியின்றித் தொடுதல் ஆகாது. பழுதுபார்க்கும் கை பகைவர் செய்மதியைப் பறிக்கவும் வல்லதாகலின், நாடுகள் ஒன்றையொன்று ஐயுறுவதும் இயல்பே.

1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியை மட்டக்களப்பார் மறவார். இன்று வங்கக் கடலிற் புயல் கருக்கொள்ளும்போதே அதனைப் படம்பிடித்துக் காட்டுவன செய்மதிகளே. அவை செல்லும் பாதைகள் குப்பையால் அடைபடின், செய்மதி ஏவாத ஏழை நாடுகளும் இழப்பெய்தும். ஆதலால், ஏவும்போதே ஒவ்வொருவரும் அகற்றுஞ் செலவுக்கு ஈடு கட்டவேண்டுமென உலகம் விதித்தல் நன்றென்பது எம் கருத்து. அவ்விதி வரும் நாளில் மறுபாதி வாணிகமும் தழைக்கும். அதற்குப் பொறியியலார் மட்டுமன்றிச் சட்டம் வல்லாரும் கணக்கு வல்லாரும் வேண்டப்படுவர். நம் கல்லூரி மாணவருள்ளும் அத்தகையோர் தோன்றுதல் வேண்டும். நீரைப் பங்கிட்டு வாழ்ந்த மண்ணிற் பிறந்தோர்க்கு இக்கணக்கு புதிதன்று.