நூலில் எழும் உடல்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பூத்தையலைப் புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. முடிச்சு தெரியாது, நூல் குறுக்கே ஓடிய தடமும் தெரியாது. முன்னும் பின்னும் ஒரே கோலம். துணியின் இழைகளை எண்ணி எண்ணி, பெரும்பாலும் ஒற்றை நிற நூலால் போடுவது. நீலம் அதில் பிரசித்தம். மஅல்லமா என்று அழைக்கப்படும் ஆசிரியையின் வீட்டில் உட்கார்ந்து சிறுமிகள் வருடக்கணக்கில் பழகிய வேலை. பழகியதெல்லாம் மேஜை விரிப்பிலும் தலையணை உறையிலும் கல்யாணச் சீரிலும் அடங்கிப் போனது. இதைக் கலை என்று ஏற்க ஓவியக்கூடங்களுக்கு நெடுங்காலம் மனம் வரவில்லை.

அந்த வட ஆப்பிரிக்கப் பெண்களை வரைய வந்தவர்களுக்கோ குறைவில்லை. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1832இல் மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய்வந்து, 1834இல் ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். பட்டும் நகையும் மெத்தையும் அதில் மின்னுகின்றன. அழகான ஓவியம்தான். ஆனால் அந்தப் பெண்கள் பார்க்கப்படுவதற்காகவே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிஸ்லான் சஹ்லியின் சிற்பங்கள் என்னை ஈர்ப்பது இதனால்தான். 1973இல் மொராக்கோவின் மெக்னெஸ் நகரில் பிறந்த இவர், பாரிஸில் கட்டடக்கலை படித்தவர். நாடு திரும்பியபின் பூத்தையலில் இறங்கினார். இப்போது இருப்பது மராக்கேஷில். தூக்கியெறிந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் அவருக்கு மூலப்பொருள். அதன் அடிப்பகுதியை வெட்டியெடுத்து, பிளாஸ்டிக் துளியும் தெரியாதபடி பட்டு நூலால் மூடினால், தேனடையின் கண்ணறை போல ஒரு சிறு குழி கிடைக்கிறது. இப்படிச் செய்த குழிகளை நெருக்கி நெருக்கிச் சேர்க்கும்போது அவை புடைக்கின்றன, மடிகின்றன, தொங்குகின்றன. அருகே போனால் நூல்வேலை. எட்டி நின்றால் குடல், கருப்பை, ஏதோ ஒரு திசு. ‘குடல்களின் கதைகள்’ என்ற பொருளில் ஒரு தொடருக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார். தெலக்ருவா காலத்திலிருந்து வெளியார் கண்கள் மேய்ந்த தோல் இங்கே இல்லை. உடம்புக்காரிக்கு மட்டுமே தெரிந்த உள்புறம், கூச்சமின்றி, பட்டின் பளபளப்போடு வெளியே வந்து நிற்கிறது. வட ஆப்பிரிக்கக் கலையில் பெண்ணுடல் பற்றி இவ்வளவு தைரியமான பேச்சை நான் அதிகம் கண்டதில்லை.

ஒரு சிற்பத்துக்கு எத்தனை கைகளின் உழைப்பு! பூத்தையல் தெரிந்த கைவினைஞர்களோடு சேர்ந்துதான் சஹ்லி வேலை செய்கிறார். இப்படிப் பலர் கூடிச் செய்யும் படைப்பு எந்தக் கூடத்தில் வைக்கப்பட்டாலும், பக்கத்துப் பெயர்ப்பலகையில் தைத்தவர்களின் பெயர்களும் இருக்க வேண்டும். கலைஞரின் பெருமை அதனால் குறைந்துவிடாது.

உடுப்பையே சிற்பமாக்கியவர் மஜிதா கத்தாரி. இவரும் மொராக்கோவில் பிறந்து பாரிஸில் கலை பயின்றவர். 1989இல் பாரிஸுக்கு அருகிலுள்ள க்ரெய் ஊரில், முக்காட்டைக் கழற்ற மறுத்த மூன்று மாணவிகளைப் பள்ளி வெளியேற்றியது. பிரான்ஸ் முழுக்க வாக்குவாதம். அந்தச் சூட்டில் பிறந்தவை கத்தாரியின் ‘சிற்ப உடைகள்’. 1996இல் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில், ஃபேஷன் அணிவகுப்பு போலவே அவற்றை உடுத்தி நடக்க வைத்தார். மூடி மறைக்கும் உடை, அசைய விடாத உடை எல்லாம் அதில் உண்டு. முக்காட்டுக்கு வக்காலத்து என்றோ எதிர்ப்பு என்றோ அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட முடியாது. பெண் எதை உடுத்தலாம் என்று விதிக்கும் இரு தரப்பையும் அவை உறுத்துகின்றன. 2004இல் பிரான்ஸ் அரசுப் பள்ளிகளில் முக்காட்டைத் தடைசெய்தது. 2010இல் பொது இடங்களில் முகத்தை மூடுவதற்கும் தடைச்சட்டம் வந்தது. முதல் தடைக்குப் பிறகும் கத்தாரி தன் அணிவகுப்புகளை நடத்தினார்.