உறைபதனத் தாள் ஸ்டென்சில்

உறைபதனத் தாள் ஸ்டென்சில் என்பது, ஒருபுறம் நெகிழிப் பூச்சுக் கொண்ட தாளில் ஓர் உருவத்தை வெட்டி, அத்தாளை இஸ்திரிப்பெட்டியின் சூட்டினால் துணிமீது தற்காலிகமாக ஒட்டி, வெட்டப்பட்ட இடைவெளிகளில் வண்ணம் பூசி அலங்கரிக்கும் முறை ஆகும். வண்ணம் காய்ந்தபின் தாள் உரித்தெடுக்கப்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இறைச்சியைப் பொதிந்து உறைபதனப் பெட்டியில் வைப்பதற்காக விற்கப்படும் தாளே இதற்குப் பயன்படுகிறது. அங்கு இது ஃபிரீசர் பேப்பர் என்று அழைக்கப்படுகிறது. வீட்டில் தைக்கும் உடைகள், குழந்தைகளின் சட்டைகள், துணிப்பைகள் முதலியவற்றை அலங்கரிக்க இம்முறை ஏற்றது. அச்சு இயந்திரமோ சிறப்புப் பயிற்சியோ இதற்குத் தேவையில்லை.

ஸ்டென்சிலின் இரு சிக்கல்கள்

ஒரு மறைப்பில் துளையிட்டு, துளையின் வழியாக மட்டும் வண்ணம் படியச் செய்வதே ஸ்டென்சிலின் அடிப்படை. வாசலில் கோலப்பொடி தூவப் பயன்படும் துளைத்தட்டும் இதே கொள்கையில் அமைந்ததாகும். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், பாறைமீது கையை வைத்துச் சுற்றிலும் வண்ணம் ஊதி உருவாக்கிய கைத்தடம் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுகள் பழமையானது என 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கு மனிதக் கையே மறைப்பாக இருந்தது.

கொள்கை எளிது எனினும், நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, வண்ணக் கசிவு. மறைப்பு துணியுடன் நன்கு ஒட்டாவிட்டால் வண்ணம் விளிம்பின் அடியில் புகுந்து உருவத்தைச் சிதைத்துவிடும். நூலிழைகள் நீர்மத்தை உறிஞ்சி இழுப்பதால், சுவரைவிடத் துணியில் இக்கசிவு மிகுதி.

இரண்டாவது, 'தீவு' எனப்படும் தனித்த உட்பகுதி. 'ப', 'ட' ஆகிய எழுத்துகளைத் தாளில் வெட்டினால் தாள் சிதையாது. ஆனால் 'க' என்னும் எழுத்தில் கோடுகளால் முழுவதும் சூழப்பட்ட ஒரு பகுதி உண்டு. கோடுகளை வெட்டியவுடன் அப்பகுதி பிடிப்பின்றிக் கீழே விழுந்துவிடும். சுழியம், எட்டு ஆகிய எண்களுக்கும் இதே நிலைதான். தீவை வெளிப்பகுதியுடன் இணைக்கும் குறுகிய தாள் பட்டைகளுக்குப் 'பாலம்' என்று பெயர். சரக்குப் பெட்டிகளில் காணப்படும் எழுத்துகளின் கோடுகள் ஆங்காங்கே அறுபட்டிருப்பது இப்பாலங்களால்தான்.

முற்காலத் தீர்வுகள்

சப்பானில் துணிகளுக்குச் சாயமிடப் பயன்படும் கதகாமி என்னும் தாள் ஸ்டென்சில் இச்சிக்கல்களை நுட்பமாகக் கையாண்டது. கைத்தாள்கள் பெர்சிமன் காயின் துவர்ச்சாற்றால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, புகையூட்டப்பட்டு, நீர் எளிதில் புகாத கெட்டித் தாளாக மாற்றப்பட்டன. நுண்ணிய கோடுகளும் தீவுகளும் நகராமலிருக்க, இரண்டு தாள்களுக்கிடையே பட்டு நூல்கள் வைத்து ஒட்டப்பட்டன. பட்டு நூல் மிக மெல்லியதாகையால் அதன் தடம் துணியில் தெரிவதில்லை. கதகாமியின் வழியாகப் பெரும்பாலும் அரிசிப் பசையே தடவப்படும். பின்னர் துணிக்குச் சாயமிடும்போது பசை படிந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். மியே மாநிலத்தின் சுசுகா நகரிலுள்ள ஷிரோகோ பகுதி இக்கலைக்குப் பெயர்பெற்றது. இசே கதகாமி 1993 இல் சப்பானின் முக்கியமான அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

பட்டு நூல்களுக்குப் பதிலாக முழுவதும் மெல்லிய வலைத்துணியைப் பயன்படுத்தினால் எத்தீவும் அதிலேயே தங்கிவிடும். இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907 இல் காப்புரிமை பெற்ற திரை அச்சு முறை இத்தகையது. எனினும் இதற்குச் சட்டம், வலை, வண்ணத்தை இழுக்கும் பட்டை ஆகியவை தேவை. ஒரே ஒரு சட்டைக்காக இவற்றையெல்லாம் ஏற்பாடு செய்வது எளிதன்று.

தாளின் அமைப்பு

உறைபதனத் தாளின் ஒருபுறம் மங்கலான சாதாரணத் தாள். மறுபுறம் பளபளப்பான பாலிஎத்திலீன் படலம். தொழில்முறையில் பயன்படத்தக்க பாலிஎத்திலீனை 1933 இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வேதியியலாளர்கள் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் ஆகியோர் தற்செயலாகக் கண்டறிந்தனர். உறைபதனத் தாளில் இப்படலத்தின் பணி, இறைச்சியின் ஈரம் வெளியேறாமலும் காற்று உட்புகாமலும் காப்பதாகும்.

குறைந்த அடர்த்தி கொண்ட பாலிஎத்திலீன் ஏறத்தாழ 105 முதல் 115 பாகை செல்சியசில் உருகும். இஸ்திரிப்பெட்டியின் சூடு இதைவிட மிகுதி. ஆகவே சில நொடி அழுத்தத்திலேயே படலம் இளகித் துணியின் மேற்பரப்பு இழைகளைப் பற்றிக்கொள்கிறது, ஆறியதும் இறுகுகிறது. ஆயினும் இழைகளின் ஆழத்திற்குள் இறங்குவதில்லை. எனவே கறையோ பசையோ விடாமல் உரிந்து வருகிறது.

மேற்கூறிய இரண்டு சிக்கல்களும் இவ்வொரு பண்பினால் நீங்குகின்றன. விளிம்பு முழுவதும் துணியுடன் ஒட்டியிருப்பதால் கசிவு பெரிதும் குறைகிறது. ஒவ்வொரு துண்டும் தானாகவே துணியில் ஒட்டுவதால், தீவைத் தனியே வெட்டி உரிய இடத்தில் வைத்து அழுத்தினால் போதும், பாலம் தேவையில்லை. ஸ்டென்சிலுக்கு முன்பே, ஒட்டுத்துணி வேலையிலும் குவில்ட் எனப்படும் துண்டுத்துணிப் போர்வை தைப்பதிலும் வடிவங்களை வெட்ட இத்தாள் பயன்பட்டது.

சமையலறையில் காணப்படும் வேறு தாள்கள் இதற்குப் பயன்படா. மெழுகுத் தாளின் மெழுகு உருகித் துணியில் ஊறிவிடும். ரொட்டி சுடப் பயன்படும் சிலிகான் பூச்சுத் தாள் எதிலும் ஒட்டாது.

செய்முறை

1. துணியை முதலில் துவைத்து உலர்த்த வேண்டும். புதுத் துணியின் கஞ்சி வண்ணம் பிடிப்பதைத் தடுக்கும். துணி மென்மையூட்டிகளைத் தவிர்க்க வேண்டும்.

2. உருவத்தைத் தாளின் மங்கலான பக்கத்தில் வரைய வேண்டும். பளபளப்பான பக்கம் கீழே இருக்கும் என்பதால் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுத வேண்டியதில்லை.

3. கூரிய முனையுள்ள கத்தியால், அடியில் தடித்த அட்டை வைத்து வெட்ட வேண்டும். தீவுகளைத் தொலைக்காமல் எடுத்து வைக்க வேண்டும்.

4. பளபளப்பான பக்கம் துணியைத் தொடுமாறு வைத்து, நீராவி இல்லாத சூட்டில், தேய்க்காமல் மேலிருந்து அழுத்த வேண்டும். தீவுகளை அடுத்து வைத்து அழுத்த வேண்டும். விளிம்பு எங்கும் தூக்கியிருத்தல் கூடாது.

5. துணியின் பின்புறத்திலும் வெட்டாத தாள் ஒன்றை ஒட்டினால் துணி நகராது; வண்ணம் மறுபக்கம் இறங்காது. தைத்து முடித்த சட்டையாயின் உள்ளே அட்டை வைப்பது நன்று.

6. துணி வண்ணத்தைப் பஞ்சு அல்லது தட்டையான முனையுள்ள தூரிகையால் மெல்லிய பூச்சாக ஒற்ற வேண்டும். தாளிலிருந்து இடைவெளியை நோக்கி ஒற்றினால் வண்ணம் விளிம்பின் அடியில் புகாது. ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் சிறந்தவை.

7. நன்கு காய்ந்தபின் தாளை மெதுவாக உரிக்க வேண்டும்.

8. வண்ணத்தின் மேல் மெல்லிய துணி விரித்துச் சூடேற்ற வேண்டும். அக்ரிலிக் வகை வண்ணங்களின் பிணைப்புப் பொருள் சூட்டினால் இழைகளின்மீது உறுதியான படலமாகிறது. சூட்டின் அளவும், முதற்சலவைக்கு முன் காத்திருக்க வேண்டிய காலமும் வண்ணத்திற்கேற்ப மாறும். புட்டியின் மீதுள்ள குறிப்பைப் பின்பற்ற வேண்டும்.

தைப்பதற்கு முன் அலங்கரித்தல்

கடையில் வாங்கிய சட்டையில் தையல்களும் மடிப்புகளும் ஏற்கெனவே உள்ளன. அவற்றின் மேட்டில் தாள் சரியாக ஒட்டாது. கசிவு பெரும்பாலும் அங்கேயே ஏற்படும். உடையைத் தாமே தைப்பவர்களுக்கு இத்தடை இல்லை. வெட்டிய துண்டுகளைத் தைப்பதற்கு முன்னரே சமதளத்தில் விரித்து அலங்கரிக்கலாம். வண்ணம் சிந்திப் பழுதானால் அத்துண்டை மட்டும் மீண்டும் வெட்டிக்கொள்ளலாம். முழு உடையும் வீணாவதில்லை. சட்டைப்பை, கழுத்துப்பட்டி போன்ற சிறு துண்டுகள் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. தைப்பதற்காக விடப்படும் விளிம்பினுள் உருவம் நீளாதவாறு, தையற்கோட்டை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும்.

துணி வகைகள்

பருத்தி, லினன் ஆகியவை மிகவும் ஏற்றவை. நைலான் போன்ற சூடு தாங்காத செயற்கை இழைத் துணிகள் உருகக்கூடும். வெல்வெட், துவாலை போன்ற பூம்பரப்புத் துணிகளில் தாள் சீராகப் பற்றாது. டி-ஷர்ட் போன்ற பின்னல் துணிகள் இழுபடும் என்பதால் பின்தாள் இன்றியமையாதது. கருநிறத் துணிகளுக்கு ஒளி ஊடுருவாத வண்ணங்கள் தேவை.

வெளுக்கும் முறையும் எச்சரிக்கையும்

கருநிறப் பருத்தித் துணியில் வண்ணத்திற்கு மாறாகச் சோடியம் ஹைப்போகுளோரைட்டு கலந்த வெளுப்பு நீரைத் தெளித்து, சாயத்தை நீக்கியும் உருவம் பெறலாம். இந்நீர் பட்டையும் கம்பளியையும் அழித்துவிடும். பருத்தியையும் நாளடைவில் நைந்துபோகச் செய்யும். எனவே விரும்பிய நிறம் வந்ததும் நீரில் அலசி, ஹைட்ரசன் பெராக்சைடு அல்லது சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலால் அதன் வினையை நிறுத்த வேண்டும். இதற்கு வினிகரைப் பயன்படுத்துவது ஆபத்தானது. அமிலம் வெளுப்பு நீருடன் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளி வெளிப்படும். காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை அணிந்தே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

வரம்புகள்

ஒரு தாளைச் சில தடவைகளே மீண்டும் ஒட்ட முடியும். பின்னர் பிடிப்புக் குறைந்துவிடும். பல நிறங்களுக்குத் தனித்தனித் தாள்கள் வெட்டி, பொருத்துக் குறிகளால் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமைக்க வேண்டும். நெகிழி கலந்திருப்பதால் பயன்படுத்திய தாளை மறுசுழற்சி செய்வது கடினம். ஒரே உருவம் பல உடைகளில் தேவையாயின் திரை அச்சே சிக்கனமானது. ஓர் உருவம் ஓர் உடைக்கு மட்டும் தேவைப்படும்போதே உறைபதனத் தாளின் பயன் முழுமையாக விளங்கும்.

இவற்றையும் பார்க்கவும்

- கதகாமி
- திரை அச்சு
- பாலிஎத்திலீன்
- ஒட்டுத்துணி வேலை