நுண்ணறிவு: பொருளும் தோற்றமும்

கணக்கில் பின்தங்கிய மாணவர் ஒருவரைக் கண்டு, ‘இவருக்கு இயல்பிலேயே அறிவு குறைவு’ என்கிறார் ஓர் ஆசிரியர்; ‘இவருக்கு வேறு முறையில் கற்பிக்க வேண்டும்’ என்கிறார் மற்றோர் ஆசிரியர். மாணவர் ஒருவரே, மதிப்பெண்ணும் ஒன்றே. நுண்ணறிவு என்றால் என்ன, அஃது எவ்வாறு தோன்றுகிறது என்ற வினாக்களுக்கு அவ்விருவரும் கொண்டுள்ள விடைகளே வேறு. அவ்விடையைப் பொறுத்தே அம்மாணவர் பெறும் கல்வியும் அமைகிறது. இவ்வுண்மையை நுண்ணறிவுச் சோதனையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பிரான்சு நாட்டில் 1882ஆம் ஆண்டு தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. பல்வேறு சூழல்களைச் சேர்ந்த குழந்தைகள் பள்ளிக்கு வந்தனர். அவர்களுள் தனிக் கவனம் தேவைப்படுவோரை அறிவது எப்படி என்ற வினா எழுந்தது. இதற்காக உளவியலறிஞர் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சீமோன் என்பவருடன் இணைந்து, 1905ஆம் ஆண்டு 30 பணிகள் கொண்ட சோதனையொன்றை உருவாக்கினார். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், படத்திலுள்ள பொருள்களின் பெயர் கூறுதல் முதலியன அதில் இடம்பெற்றன. சோதனை முடிவு குழந்தையின் அப்போதைய நிலையை மட்டுமே காட்டும் எனப் பினே கருதினார். நுண்ணறிவு மாறாத அளவுடையது என்னும் கருத்தை அவர் மறுத்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கப் பயிற்சிகளை வகுத்தார்.

அச்சோதனை அமெரிக்காவுக்குச் சென்றபோது அதன் பொருள் மாறியது. 1916ஆம் ஆண்டு லூயிஸ் டெர்மன் அதனைத் திருத்தி வெளியிட்டார். மன வயதை உண்மை வயதால் வகுத்து 100ஆல் பெருக்கி ‘நுண்ணறிவு ஈவு’ கணக்கிடப்பட்டது. 10 வயதுக் குழந்தையின் மன வயது 8 எனில், ஈவு 80 ஆகும். டெர்மன், கோடார்டு முதலியோர் நுண்ணறிவு பெரிதும் மரபுவழி அமைவது எனக் கருதினர். இதனால், உதவி தேவைப்படுவோரை இனங்காட்டப் பிறந்த சோதனை, மனிதரைத் தரம்பிரிக்கும் கருவியாயிற்று. அறிவுக்குறை உடையோர் எனக் கருதப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் மாநிலச் சட்டமொன்றை, 1927ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவ்வழக்கில் நுண்ணறிவுச் சோதனையின் முடிவும் சான்றாகக் காட்டப்பட்டது.

நுண்ணறிவில் மரபுக்குப் பங்கில்லை எனக் கூற இயலாது. இரட்டையரைப் பற்றிய ஆய்வுகள் அப்பங்கை உணர்த்துகின்றன. ஆயினும், சோதனைகளின் சராசரி மதிப்பெண் தலைமுறைதோறும் உயர்ந்து வந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு எடுத்துக்காட்டினார். ஓரிரு தலைமுறைகளுக்குள் மரபணுக்கள் அவ்வளவு மாறுவதில்லை. எனவே, பள்ளிக்கல்வி, ஊட்டம், வாழ்க்கைச் சூழல் ஆகியவற்றின் பங்கும் புலனாகிறது.

ஆதலால், ‘அறிவாளி’, ‘மந்தமானவர்’ என்னும் சொற்களைக் கேட்கும்போது மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இங்கு அறிவு எனக் கொள்ளப்படுவது எது? அஃது எதனால் அளக்கப்பட்டது? அது மாறாதது என்பதற்குச் சான்று உண்டா? இவ்வினாக்களை எழுப்பும் மாணவர், ஒரு தேர்வின் மதிப்பெண்ணைத் தம் ஆற்றலின் எல்லையாகக் கொள்ளமாட்டார். பிறரையும் அவ்வாறு அளக்கமாட்டார்.